பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளத்தின் ட்ரிபிள் பட்டியல்: ஒரு மதிப்புரை

பேஸ்பால் புள்ளிவிவரங்களுக்கென்றே 2000ஆம் ஆண்டில் ஷான் ஃபோர்மன் தொடங்கிய ‘பேஸ்பால் ரெஃபரன்ஸ்’ தளத்தில், ஒவ்வொரு சீசனிலும் அதிக ட்ரிபிள்களை அடித்தவர்களின் ஆண்டுவாரிப் பட்டியல் கட்டணமின்றிக் கிடைக்கிறது. பந்தை அடித்துவிட்டு, எதிரணியின் பிழை எதுவும் துணைசெய்யாமல், பேஸ் எனப்படும் நான்கு நிலைகளில் மூன்றாம் பேஸ் வரை ஓடிச் சேர்வதே ட்ரிபிள். பந்தைச் சுவருக்கு அப்பால் அடிக்கும் ஹோம் ரன்களின் பட்டியலைத் தேடி வருவோரே மிகுதி என்றாலும், இத்தளத்தின் அருமையை உணர விரும்புவோருக்கு நான் முதலில் காட்டுவது இந்தப் பட்டியலைத்தான்.

1912ஆம் ஆண்டுக்குரிய வரியில், பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் ஓவன் வில்சன் பெயருக்கு எதிரே 36 என்று இருக்கிறது. இன்றுவரை எவரும் முறியடிக்காத சாதனை அது. பெயரைச் சொடுக்கினால் திறக்கும் பக்கத்தில் 1911இல் 12, 1912இல் 36, 1913இல் 14 என்று எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வருகின்றன. லீகில் முதலிடம் பெற்ற எண்ணைத் தடித்த எழுத்தில் தருவதால் பார்வை நேராக 36க்கே செல்கிறது. அவர் வாழ்நாளில் அடித்த 114 ட்ரிபிள்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவானவை அந்த ஒரே சீசனில் வந்தவை என்பதை விளக்கவுரை இல்லாமலே புரிந்துகொள்ளலாம். மொத்தம் 309 ட்ரிபிள்களுடன் வரலாற்றில் முதலிடம் வகிக்கும் சாம் கிராஃபோர்டின் பக்கத்தை அருகில் திறந்து வைத்துப் பார்த்தால், அவருடைய உச்சமே 1914இல் அடித்த 26தான் என்பது தெரியவரும்.

பட்டியலில் நான் காணும் பெரிய குறை, மைதானத்தின் பெயர் இல்லாததே. பந்து சுவரைத் தாண்டாமல் தொலைவில் உருண்டோடினால்தான் ட்ரிபிளுக்கு வாய்ப்பு உண்டு. வில்சனின் சொந்த மைதானமான ஃபோர்ப்ஸ் ஃபீல்டில் மிகத் தொலைவான சுவர், பந்தடிப்பவர் நிற்கும் இடத்திலிருந்து 450 அடிக்கும் அப்பால் இருந்தது. 1949க்குப் பிறகு 23 ட்ரிபிள்களை எட்டிய ஒரே வீரரான கர்ட்டிஸ் கிராண்டர்சனும், 2007இல் நடுச்சுவர் 420 அடியில் அமைந்த டெட்ராய்ட்டின் கொமெரிக்கா பார்க்கில்தான் ஆடினார். இத்தொடர்பு இல்லாமல் எண்களை மட்டும் ஒப்பிடும் புதிய வாசகர், பழைய வீரர்கள் வேகமாக ஓடினார்கள் என்று முடிவுகட்டிவிடக்கூடும். மைதானத்தின் பெயரை அறிய அணியின் பக்கத்துக்குத் தனியே செல்ல வேண்டியிருக்கிறது.

இனப்பாகுபாட்டுக் காலத்தில் கறுப்பின வீரர்கள் ஆடிய நீக்ரோ லீக்குகளின் சாதனைகளை, அமெரிக்க பேஸ்பாலின் உச்ச நிலையான மேஜர் லீக் தரத்தவையாக ஏற்று 2021இலேயே சேர்த்தது இத்தளத்தின் பெருமைக்குரிய செயல். மேஜர் லீக் பேஸ்பால் அமைப்பு தன் அதிகாரபூர்வப் பதிவேட்டில் அவற்றை இணைத்தது 2024இல்தான்.

பல நிபந்தனைகளை இணைத்துத் தேடும் ‘ஸ்டாட்ஹெட்’ வசதிக்குச் சந்தா செலுத்த வேண்டும். ஆண்டுவாரியாக முதலிடம் பெற்றவர்களை மட்டும் அறிய விரும்புவோருக்கு அது தேவையில்லை. 2025இல் 17 ட்ரிபிள்கள் அடித்த அரிசோனாவின் கார்பின் கேரல் வரை அனைவரும் இலவசப் பட்டியலிலேயே இருக்கிறார்கள்.