கௌட் மருந்துக்கு எங்கே போவது: அரசாங்கக் கிளினிக்கா, தனியாரா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், கௌட் (யூரிக் எசிட் மூட்டில் படிந்து வரும் வாதம்) வந்து கால் கட்டைவிரல் வீங்கிப் படுத்தால் இரண்டு வழி. அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானில் 1 வெள்ளி (ரிங்கிட்) கட்டிவிட்டு நம்பருக்குக் காத்திருக்கலாம். இல்லையென்றால் டவுனில் தனியார் கிளினிக்; சீக்கிரமே ஊசி, மாத்திரை, எம்சி (மருத்துவ விடுப்புச் சீட்டு) எல்லாம் கைக்கு வந்துவிடும். அப்பாவுக்கு இரண்டையும் பார்த்த பிறகு அரசாங்கக் கிளினிக்கோடு நின்றுவிட்டோம்.

வலி வந்த அன்றைக்குத் தனியார்தான், அதில் பேச்சே இல்லை. செம்பனைக் குலை வெட்டுகிறவர் அந்தக் காலோடு எவ்வளவு நேரம் பெஞ்சில் உட்காருவார்?

வலி அடங்கிய பிறகுதான் விஷயமே இருக்கிறது. மூட்டில் படிந்த யூரிக் எசிட் ஊசிக்குக் கரையாது. அதற்கு அலோபியூரினால் என்ற மாத்திரை வேண்டும். வழக்கமாக 100 மில்லிகிராமிலோ அதற்கும் குறைவாகவோ தொடங்கி, ரத்தம் எடுத்துப் பார்த்து, யூரிக் எசிட் அளவு 360க்குக் (லிட்டருக்கு மைக்ரோமோல்) கீழே இறங்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். மாத்திரை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஏற்றுவது யார்? அப்பா போன தனியார் கிளினிக்கில் 100லேயே ஓட்டினார்கள். ரத்தப் பரிசோதனைக்குத் தனிக் காசு; 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர், வலியில்லாத நாளில் அதற்குச் செலவழிப்பாரா? வலித்தால் போய் ஊசி போட்டுக்கொள்வார். அடிக்கடி விழுங்கும் வலி மாத்திரை கிட்னியைப் பதம் பார்க்கும்.

அரசாங்கக் கிளினிக்கில் அடுத்த தேதியைப் புத்தகத்தில் எழுதிக் கொடுத்து, ரத்தம் எடுத்து, அப்பாவுக்கு 300 வரை ஏற்றினார்கள். தொடங்கிய மாதங்களில் வலி திரும்ப வரலாம், பயந்து மருந்தை நிறுத்த வேண்டாம் என்று சொல்லிக் அந்த வலியைத் தடுக்கக் குறைந்த அளவில் கோல்சிசின் மாத்திரையும் கொடுத்தார்கள். தோலில் தடிப்பு வந்தால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு ஓடி வரச் சொன்னார்கள். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் தாதியர் இப்படி விளக்கிச் சொல்லி, ரத்தம் பார்த்து ஏற்றியபோது, இரண்டு வருடத்தில் 95 விழுக்காட்டினர் அந்த 360க்குக் கீழே வந்தார்கள்; வழக்கம்போல் குடும்ப டாக்டரிடம் போனவர்களில் 30 விழுக்காடுதான். 2018இல் வந்த ஆய்வு அது.

அதற்காக 1 வெள்ளியை மலிவு என்று சொல்லிவிடவும் முடியாது. நாள் கூலிக்காரருக்கு ஒவ்வொரு தேதியும் ஒரு நாள் சம்பளம். பரிசோதனைக்குப் போனால் டைம் ஸ்லிப்தான் (கிளினிக்கில் இருந்த நேரத்தைக் காட்டும் சீட்டு) கிடைக்கும், எம்சி கிடைக்காது. மிச்ச மாத மருந்தை வீட்டுக்குப் பக்கத்து அரசாங்கக் கிளினிக்கிலேயே வாங்கிக்கொள்ள எஸ்.பி.யு.பி. என்ற ஏற்பாடு இருக்கிறது. கவுண்டரில் நாமாகக் கேட்க வேண்டும். வங்காளதேசம், நேப்பாளத்திலிருந்து வந்து தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு அந்த 1 வெள்ளிச் சலுகையே இல்லை.

யூரிக் எசிட்டைக் குறைக்கும் இன்னொரு மாத்திரையான ஃபெபுக்ஸோஸ்டாட் பக்கம் நாங்கள் போகவில்லை; அப்பாவுக்குத் தேவைப்படவில்லை. கம்பெனி பேனல் கிளினிக் (கம்பெனியே காசு கட்டும் தனியார் கிளினிக்) இருக்கிறவர்களுக்கு என் கணக்கு மாறலாம். ரத்தப் பரிசோதனைக்கும் கம்பெனி காசு கொடுக்குமா என்று மட்டும் முதலிலேயே ஆபீசில் கேட்டுக்கொள்ளுங்கள்.