ஹரோவில் ஒரு ஸ்பவுஸ் விசா ஆலோசகர்: "இப்ப போடாதேங்கோ"

மனைவியை லண்டனுக்குக் கூப்பிடுவதற்காக நான் இரண்டு இடங்களில் காசு கொடுத்தேன். முதலாவது இடத்தில் பத்து நிமிடம் இருந்தேன். இரண்டாவது இடத்தில் முதல் நாளே ஒன்றரை மணித்தியாலம் இருந்து, "இப்ப போடாதேங்கோ தம்பி" என்ற பதிலோடு படி இறங்கினேன். அந்த இரண்டாவது இடத்தைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். லண்டன் ஹரோவில் கடைகளுக்கு மேல்மாடியில் இருக்கிற சின்ன அலுவலகம் அது. ஓர் அக்காவும் ஓர் உதவியாளரும் மட்டுந்தான். பெயரைப் பொதுவில் போடவேண்டாம் என்று அக்கா கேட்டதால் போடவில்லை. ஆனால் அவர் வேலை செய்த விதத்தைத் தெரிந்துகொண்டால், நீங்கள் போகிற இடம் எப்படிப்பட்டது என்று உங்களுக்கே பிடிபடும்.

முதலில் என் நிலைமை. நான் பிரிட்டிஷ் குடியுரிமை எடுத்தவன். 2024 ஜூனில் யாழ்ப்பாணத்தில் கல்யாணம் முடித்தேன். அதற்கு இரண்டு மாதம் முந்தி, ஏப்ரல் 11ஆம் திகதி, துணையை ஸ்பொன்சர் பண்ணுவதற்கான குறைந்தபட்ச வருட வருமானம் 18,600 பவுண்ஸில் இருந்து 29,000 பவுண்ஸுக்கு ஏறிவிட்டது. 2012இல் இருந்து அசையாமல் நின்ற தொகை ஒரே நாளில் 10,400 கூடியது. எனக்கு வேர்ஹவுஸில் இரவு வேலை. மணித்தியாலம் 12.60 பவுண்ஸ். கிழமைக்குக் கிழமை மணித்தியாலம் கூடிக் குறையும், சராசரி பார்த்தால் 40. வருடத்துக்கு 26,208 வரும். சனிக்கிழமைகளில் தெரிந்த ஐயா ஒருவரின் பெற்றோல் ஸ்ரேசனில் எட்டு மணித்தியாலம், அப்போதைய அடிப்படைச் சம்பளமான 11.44 பவுண்ஸுக்கு. அதில் வருடத்துக்கு 4,759 அளவில். இரண்டையும் கூட்டினால் 30,967. 29,000ஐத் தாண்டிவிட்டோம் என்று நானும் மனைவியும் நிம்மதியாக இருந்தோம்.

முதலில் போன இடத்தில் 450 பவுண்ஸ் வாங்கினார்கள். வருடச் சம்பளமும் வரியும் காட்டுகிற பி60 தாளைப் பார்த்தார்கள், இரண்டு தொகையையும் கல்குலேற்றரில் கூட்டினார்கள், "30,000க்கு மேல போகுது, பிரச்சினை இல்லை, போடலாம்" என்றார்கள். பாங்க் ஸ்ரேற்மென்றைக் கேட்கவேயில்லை. எனக்கும் அப்போது அது வித்தியாசமாகப் படவில்லை. வேர்ஹவுஸில் என்னோடு வேலை செய்கிற ஒருவருக்கு அந்தக் கோடையில் விசா மறுப்பு வந்திருந்தது. அவர்தான், "போடுறதுக்கு முந்தி அந்த அக்காவிட்டை ஒருக்கால் காட்டு" என்று விலாசம் தந்தவர்.

ஒக்ரோபர் முடிந்து நவம்பர் தொடங்கிய கிழமை, இரவு வேலை முடித்து நேரே போனேன். காலை ஒன்பதரை மணி. அக்கா தேத்தண்ணி தந்துவிட்டு முதலில் கேட்டது சம்பளத்தை அல்ல. "நீங்கள் ஆரையும் பராமரிச்சு கேரர்ஸ் அலவன்ஸ் எடுக்கிறீங்களோ? உங்களுக்கு பிப் ஏதும் வருதோ?" என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. பிப் என்பது நீண்டகால நோயோ இயலாமையோ உள்ளவர்களுக்கு அரசாங்கம் தருகிற கொடுப்பனவு. அப்படி ஒரு கொடுப்பனவு வந்தால் 29,000 கணக்கே பொருந்தாது, குடும்பம் போதுமான அளவில் சீவிக்க முடியும் என்று காட்டினால் சரி என்றார். தாயைப் பராமரிக்கிற எத்தனையோ பிள்ளைகள் இது தெரியாமல், சம்பளம் காணாது என்று கல்யாணத்தையே தள்ளிப் போடுகிறார்கள் என்றும் சொன்னவர். நான் அந்த வகைக்குள் வரவில்லை. ஆனால் அந்தக் கேள்வியிலேயே எனக்கு அவரில் ஒரு நம்பிக்கை வந்துவிட்டது.

பிறகு ஆறு மாத பே ஸ்லிப்பை ஒரு பக்கமும், ஆறு மாத பாங்க் ஸ்ரேற்மென்றை மறுபக்கமும் மேசையில் பரப்பினார். கையில் மஞ்சள் மார்க்கர். வேர்ஹவுஸ் சம்பளம் ஒவ்வொன்றாகப் பொருந்தியது: ஸ்லிப்பில் என்ன தொகையோ, அதே தொகை வங்கியில். சரி, சரி என்று கோடு போட்டுக்கொண்டே வந்தவர் பெற்றோல் ஸ்ரேசன் ஸ்லிப்புக்கு வந்ததும் நின்றுவிட்டார். ஒக்ரோபர் ஸ்லிப்: நாலு சனிக்கிழமை, மொத்தம் 366.08, வரி 73.20, கையில் 292.88. ஐயா எனக்குக் காசாகத்தான் தருகிறவர். ஸ்ரேற்மென்றில் நவம்பர் 2ஆம் திகதி, "காஷ் டெபொசிற் 200.00."

"மிச்சம் 92 பவுண்ஸ் 88 பென்ஸ் எங்கை தம்பி?"

மீன் வாங்கினேன், பஸ், ரெயிலுக்கான ஒயிஸ்ரர் கார்ட்டுக்குப் போட்டேன். உண்மையைச் சொன்னேன். எந்த மாதமும் ஸ்லிப்பில் உள்ளதை அப்படியே நான் வங்கியில் போட்டதில்லை. 250, 150, 200 என்று மனம்போனபடி போட்டிருந்தேன். சராசரி மாதம் 200.

அக்கா அச்சடித்த விதியை எடுத்துக் காட்டினார். காசாக வரும் சம்பளத்தில், ஸ்லிப்பில் உள்ள கைச்சம்பளம் அப்படியே வங்கியில் விழுந்திருந்தால்தான் வரிக்கு முந்திய முழுத்தொகையும் கணக்கில் சேரும். விழாவிட்டால், வங்கியில் போட்ட தொகை மட்டுந்தான். அதாவது என் 4,759 கணக்கில் இல்லை. மாதம் 200 வீதம் 2,400தான் இருக்கிறது. 26,208உம் 2,400உம் 28,608. 29,000க்கு 392 பவுண்ஸ் குறைகிறது. நான் உழைத்த காசு, வரி கட்டிய காசு, ஸ்லிப்பில் எழுத்தில் இருக்கிற காசு. கடைக்குப் போகிற வழியில் வங்கிக்குள் போகாத காரணத்தால் கணக்கில் இல்லை. அந்த மேசையில் எனக்கு வாய் வறண்டுபோனது.

392 பவுண்ஸ்தானே, சேமிப்பைக் காட்டிச் சமாளிக்கலாம் என்று நினைத்தேன். அந்தக் கணக்கையும் அக்கா ஒரு தாளில் போட்டுக் காட்டினார். குறைகிற தொகையை இரண்டரையால் பெருக்க வேண்டும், அதோடு 16,000ஐக் கூட்ட வேண்டும். 392க்கு 980, அதோடு 16,000. ஆக 16,980 பவுண்ஸ் சேமிப்பு, அதுவும் ஆறு மாதம் கணக்கில் கிடந்திருக்க வேண்டும். வருமானமே இல்லாதவர் முழுக்கச் சேமிப்பில் போவதென்றால் 88,500. இந்த 16,000தான் கனபேருக்குத் தெரியாத இடம் என்றார். சின்னக் குறைவுக்குச் சின்னச் சேமிப்புப் போதும் என்று நினைத்துத்தான் போய் விழுகிறார்களாம்.

என்னிடம் அவ்வளவு இல்லை. சீட்டில் எனக்கு 8,000 எடுக்கிற முறை வரவிருந்தது, அது காணாது. மாமா ஒருவர் "20,000 நான் உன்ரை எக்கவுண்டிலை போட்டு விடுறன், விசா வந்தாப் பிறகு தா" என்று அன்பாகச் சொல்லியிருந்தார். அக்கா இல்லை என்று தலையசைத்தார். திருப்பிக் கொடுக்க வேண்டிய காசு கடன், கடனைச் சேமிப்பு என்று காட்ட முடியாது. நன்கொடை என்றால் சேரும், ஆனால் உண்மையிலேயே நன்கொடையாக இருக்க வேண்டும், ஆறு மாதமும் கணக்கில் இருக்க வேண்டும். "மற்ற ஆக்களும் உதவலாம் எண்டு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கெண்டு சொல்லுகினமே" என்று கேட்டேன். 2017 தீர்ப்பைத்தான் சொல்கிறார்கள் என்று உடனே பிடித்துவிட்டார். அந்தத் தீர்ப்பில் வருமான எல்லை சட்டப்படி சரி என்றுதான் நீதிமன்றம் சொன்னது. அதன் பிறகு மூன்றாம் ஆள் உதவியைப் பார்ப்பதற்கு ஒரு வழி திறந்தது உண்மை, ஆனால் அது மறுத்தால் குடும்பத்துக்கு நியாயமற்ற கடும் பாதிப்பு வரும் என்ற விதிவிலக்கான நிலைமைக்கு. "அதுக்குள்ளை உங்களைக் கொண்டுபோய்ச் செருகி 450 இல்லை, 4,500 வாங்கலாம். ஆனா உங்களுக்கு அது தேவையில்லை. ஆறு மாதம் பொறுத்தாச் சரி" என்றார்.

மனைவி வவுனியாவில் ஆசிரியை. அவளுடைய சம்பளம் சேருமா என்று கேட்டேன். அங்கே உழைப்பது சேராது, இங்கே வந்தால் கிடைக்கும் என்கிற வேலையும் சேராது, ஆனால் அவளுடைய பெயரில் சேமிப்பு இருந்தால் சேரும். இதையெல்லாம் முதல் இடத்தில் ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை.

"இப்ப போடாதேங்கோ. ஐயாவை டிசம்பரிலையிருந்து பாங்கிலை போடச் சொல்லுங்கோ. ஆறு ஸ்லிப் ஒழுங்கா வரட்டும். ஜூனிலை வாங்கோ." அவ்வளவுதான். அன்றைய ஆலோசனைக்கு 120 பவுண்ஸ். ஃபைலைத் திறந்து முழுக் கட்டணத்தையும் வாங்கியிருக்கலாம், அவர் வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து மனைவிக்கு வீடியோ கோல் எடுத்து இன்னும் ஆறு மாதம் என்று சொன்னபோது அவள் அழுதாள். அதையும் எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் பொறு என்கிற அறிவுரையைக் காது கொடுத்துக் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். கெதியாகப் போடலாம் என்று சொல்கிற இடத்துக்கே மனம் இழுக்கும்.

பெற்றோல் ஸ்ரேசன் ஐயா முதலில் சம்மதிக்கவில்லை. காசாகத் தருவதுதான் தனக்கு வசதி என்றார். அக்கா ஒரு பக்கத்தில் தமிழில் எழுதித் தந்தார்: உங்கள் வரிக்கணக்கில் எதுவும் மாறாது, ஸ்லிப்பில் உள்ளதை வங்கியில் போடுகிறீர்கள், அவ்வளவுதான் என்று. ஐயா இரண்டு தரம் வாசித்துவிட்டு, "பிள்ளையின்ரை விசயம் எண்டால் செய்வம்" என்றார். அந்த ஒரு தாளுக்கு அக்கா காசு வாங்கவில்லை.

ஜூனில் திரும்பப் போனேன். டிசம்பர் முதல் மே வரை ஆறு ஸ்லிப், ஆறு வரவு, பென்ஸ் பிசகாமல். இருபத்தாறு சனிக்கிழமை. ஏப்ரலில் அடிப்படைச் சம்பளம் 12.21க்கு ஏறியதால் ஸ்ரேசன் பங்கு கொஞ்சம் கூடியும் இருந்தது. இரண்டு வேலையினதும் ஆறு மாதத்து மொத்தத்தை இரண்டால் பெருக்கினால் 31,000க்குச் சற்று மேலே நின்றது. ஸ்லிப்பும் ஸ்ரேற்மென்றும் முடிகிற நாளில் இருந்து 28 நாளுக்குள் விண்ணப்பம் போயாக வேண்டும். அந்த 28 நாள்தான் எங்களைப் பதறவைத்தது. வேர்ஹவுஸ் எச்ஆர் (பணியாளர் பிரிவு) தந்த கடிதத்தில் நான் வேலை செய்கிறேன் என்று மட்டும் இருந்தது. எவ்வளவு காலம் வேலை, வரிக்கு முந்திய வருடச் சம்பளம் எவ்வளவு, அந்தச் சம்பளம் எப்போதிருந்து, நிரந்தரமா, ஒப்பந்தமா, ஏஜென்சியா என்ற விபரம் இருக்க வேண்டும். அக்கா அதை ஒரு சின்னக் குறிப்பாக எழுதித் தந்து, அப்படியே எச்ஆருக்கு அனுப்பச் சொன்னார். புதிய கடிதம் ஒன்பது நாள் எடுத்து வந்தது.

குறையும் சொல்ல வேண்டும். தொலைபேசி எடுக்கவே மாட்டார்கள். மின்னஞ்சலுக்குப் பதில் வர மூன்று நான்கு நாள். எச்ஆர் கடிதத்துக்காகக் காத்திருந்த அந்தக் கிழமையில் நான் படிக்கட்டில் போய் நின்றுதான் அக்காவைப் பிடித்தேன். இருவர் மட்டும் செய்கிற இடம் என்பது விளங்குகிறது, ஆனால் திகதி நெருங்குகிற ஆளுக்கு ஒரு "கண்டிட்டன், நாளைக்குப் பதில் தாறன்" என்ற வரியாவது வேண்டும். விண்ணப்பத்தோடு வைக்கிற கவரிங் லெற்றருக்குத் தனியாக 150 பவுண்ஸ் என்று கடைசியில்தான் சொன்னார்கள். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். முழு வேலைக்கும் 900 எடுத்தார்கள். அரசாங்கத்துக்கு 2025இல் கட்டியது வேறு: விண்ணப்பத்துக்கு 1,938, சுகாதார வரி வருடத்துக்கு 1,035 வீதம் 3,105. மனைவிக்குக் கொழும்பில் ரீபி (காசநோய்) பரிசோதனை, ஏ1 என்கிற அடிப்படை நிலை ஆங்கிலப் பரீட்சை எல்லாம் தனிச் செலவு. அரசாங்கத்துக்குக் கட்டுகிற காசை (எனக்கு அப்போது 5,043 பவுண்ஸ்) முதலே சேர்த்து வையுங்கள், நான் அதற்குச் சீட்டுக் காசை எடுத்தேன்.

ஆலோசகரைத் தேடுகிறவர்களுக்கு ஒன்று. இந்த நாட்டில் பதிவு இல்லாமல் குடிவரவு ஆலோசனை சொல்வது குற்றம். சொலிசிற்றர் போன்ற தகுதியுள்ள சட்டத்தரணியாக இருக்க வேண்டும், அல்லது முன்பு ஓஐஎஸ்சி என்று இருந்து 2025 ஜனவரியில் பெயர் மாறிய இமிகிரேசன் அட்வைஸ் அதோரிற்றியில் பதிந்திருக்க வேண்டும். அந்தப் பதிவை இணையத்தில் நீங்களே பார்க்கலாம். அக்காவின் பதிவு எண் கதவுக்குப் பக்கத்தில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. ஆனால் பதிவு மட்டும் பார்த்துவிட்டு வராதேங்கோ. முதல் சந்திப்பிலேயே உங்கள் பாங்க் ஸ்ரேற்மென்றை வரி வரியாகப் பார்க்கிறாரா என்று பாருங்கள். பி60ஐ மட்டும் பார்த்துத் தலையாட்டினால் எழுந்து வாருங்கள்.

பத்துக் கிழமையில் விசா வந்தது. ஒக்ரோபரில் மனைவி ஹீத்ரோவில் வந்து இறங்கினாள். 33 மாத விசா. அது முடிய முந்தி நீடிக்கும்போது இதே வருமானத்தைத் திரும்பவும் காட்ட வேண்டும், ஆனால் அப்போது இங்கே அவள் உழைப்பதும் சேரும். போன மாதம் ஒரு பாடசாலைச் சமையலறையில் வேலை கிடைத்தது. முதல் பே ஸ்லிப்பை வாங்கிக்கொண்டு வந்தவள், கோட்டைக்கூடக் கழற்றாமல் மேசையில் இருந்து, வங்கி அப்பைத் திறந்து தொகையை ஸ்லிப்போடு வைத்துப் பார்த்தாள். பென்ஸும் சரி. என் ஃபைலில் எடுத்து வைத்துவிட்டோம்.