கிரே மார்க்கெட் வாட்ச்: மூன்றரை வருடம் கட்டிய பிறகு

பெருந்துறை நண்பர் நேற்று கூப்பிட்டார். "அண்ணா, நீங்க கட்டியிருக்கிற அதே வாட்ச், ஷோரூமை விட 70,000 கம்மிங்க, எடுத்துரட்டுங்களா?" போனிலேயே கத்திவிட்டேன். பாவம், அவருக்காகத்தான் இது.

2022-ல் நானும் இப்படித்தான் வாங்கினேன். கிரே மார்க்கெட் என்றால் வேறொன்றுமில்லை, அங்கீகாரம் பெற்ற டீலரிடம் தேங்கிய சரக்கு கைமாறி, விலை குறைந்து நம்மிடம் வரும், டூப்ளிகேட் கிடையாது. காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் பனியன் எடுக்கிற திருப்பூர்க்காரனுக்கு இது தெரியாதா என்ற மிதப்பு வேறு. 62,000 மிச்சம் என்ற சந்தோஷத்தில் வாரண்டி கார்டின் தேதியை நான் பார்க்கவே இல்லை.

வாட்ச்சைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஒரு நாளைக்கு 2 செகண்ட் கூட ஓடும், அவ்வளவுதான். கரண்ட் போன இரவில் முள் பச்சையாக மினுங்குவதை இன்னும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆனால் 13-ஆம் மாதம், வாட்ச்சின் பக்கவாட்டில் திருகி மூடுகிற சாவியின் மரை தேய்ந்து முழுசாகத் திருகி மூடவில்லை, நானும் கவனிக்காமல் கொடிவேரி அணையில் குளிக்க இறங்கிவிட்டேன். 300 மீட்டர் ஆழம் தாங்கும் என்று முதுகில் எழுதிய வாட்ச், இடுப்பளவுத் தண்ணீரில் கண்ணாடிக்குள் வேர்த்து நின்றது. மீன் வறுவலைக்கூட நிம்மதியாகத் தின்ன முடியவில்லை.

கோயம்புத்தூர் சர்வீஸ் சென்டரில் அந்தப் பெண் கார்டைத் திருப்பிக் காட்டினார். துபாய் கடை முத்திரை, நான் வாங்குவதற்கு 14 மாதம் முந்தைய தேதி. ரோலக்ஸ், ஒமேகா என்றால் 5 வருட வாரண்டி தருகிறார்கள். என்னுடையது 2 வருடம் மட்டும் தருகிற கம்பெனி, அதுவும் கார்டில் உள்ள தேதியிலிருந்துதான் கணக்கு. ஆக எனக்கு மிஞ்சியது பத்தே மாதம், அது முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. விற்றவர் கொடுத்த ஒரு வருடக் கடை வாரண்டியும் போன மாதமே முடிந்திருந்தது. "நம்ம ஆள்கிட்டக் குடுங்க, பிரிச்சு மாட்டிருவாருங்க" என்றார் அவர். வெளியாள் கைவைத்தால் அப்புறம் கம்பெனியில் தொட யோசிப்பார்கள் என்று சர்வீஸ் சென்டரிலேயே கொடுத்தேன். சாவி, வாஷர், உள்ளே துருப்பிடித்ததைக் கழற்றிச் சுத்தம் செய்தது எல்லாம் சேர்த்து பில் 41,000.

சரி, கணக்குப் பார்த்தால் இன்னும் 21,000 எனக்கு லாபம்தான். இருந்தாலும் வாங்காதீங்க.

கேட்கவா போகிறார்? கார்டு போட்டோவையாவது முதலில் வாங்கச் சொன்னேன். இன்று காலை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். விற்பவரின் கட்டைவிரல் சரியாகத் தேதி மேல் இருக்கிறது.