கல்லூரிக்குப் பதிவு இருக்கிறது, சரி, கோர்சுக்கு?

ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வு முடிவு வந்ததும், மலேசியாவின் கெடா மாநிலத்தில் எங்கள் பீடோங் வட்டாரத் தோட்டங்களில், கோயில் மண்டபத்தில் யாராவது ஒரு மேசை போட்டுவிடுவார்கள். பளபளப்பான கையேடு, இலவச மடிக்கணினி, "பி.டி.பி.டி.என். கடன் நாங்களே எடுத்துத் தருகிறோம்" என்ற வாக்குறுதி (அரசின் உயர்கல்விக் கடன் அது). பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: "காலேஜ் ரெஜிஸ்டர் பண்ணதுதானே?" பண்ணதுதான். ஆனால் அந்தக் கேள்வி போதாது.

ஆறாம் படிவம், மெட்ரிகுலேஷனை விட்டுவிடுவோம். மீதியில் முக்கியமானது மூன்று வழி: தனியார் கல்லூரி டிப்ளோமா, திறன் பயிற்சி மையம், அரசு பாலிடெக்னிக். மூன்றுக்கும் சட்டம் வேறு, பார்க்க வேண்டிய காகிதமும் வேறு.

தனியார் கல்லூரிகள் 1996ஆம் ஆண்டின் 555ஆம் சட்டத்தின் கீழ் உயர்கல்வி அமைச்சில் பதிவாகின்றன. பதிவு எண் டி.கே. என்று தொடங்கினால் கல்லூரி, டி.யூ. என்றால் பல்கலைக்கழகம். கடைசியில் அடைப்புக்குறிக்குள் இருப்பது நம் கார் நம்பர் பிளேட் எழுத்தேதான்: கெடாவுக்கு கே, சிலாங்கூருக்கு பி. செமிலிங்கில் இருக்கும் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தின் எண்ணும் கே-யில்தான் முடிகிறது. இது கட்டடத்துக்கான உரிமம் மாதிரி. உள்ளே நடக்கும் ஒவ்வொரு கோர்சுக்கும் அமைச்சின் அனுமதி தனி, எம்.கியூ.ஏ. என்கிற மலேசியத் தகுதி முகமையின் அங்கீகாரம் தனி. முன்பு இந்த வேலையை லான் என்ற வாரியம் பார்த்தது. 2007இல் அது எம்.கியூ.ஏ.-வுக்குள் கலந்துவிட்டது.

அங்கீகாரத்திலும் இரண்டு வகை. பி.ஏ. என்றால் தற்காலிகம், எஃப்.ஏ. என்றால் முழுமை. புதுக் கோர்ஸ் எதுவும் பி.ஏ.-வில்தான் ஆரம்பிக்கும், முதல் குழு கடைசி ஆண்டுக்கு வரும்போதுதான் முழு அங்கீகாரத்துக்கு விண்ணப்பிப்பார்கள். எனவே பி.ஏ. என்றாலே மோசடி இல்லை. ஆனால் முதல் குழுவில் நம் பிள்ளை சோதனை எலியாக வேண்டுமா என்று யோசிக்கலாம். இன்னொன்று, அங்கீகாரம் குறிப்பிட்ட வளாகத்துக்குத்தான். என் அக்கா மகன் சிக்கியது இதில்தான். தலைமை வளாகத்தில் பட்டியலில் இருந்த கோர்ஸ், அவன் சேர்ந்த கிளையில் இல்லை. ஒரு வருடம் போனது, பணமும் போனது. எம்.கியூ.ஏ.-வின் பதிவேட்டை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம், நாங்கள் பார்க்கவில்லை. தாதியர் படிப்பு என்றால் கூடுதலாகத் தாதியர் வாரியத்தின் ஒப்புதலும் இருக்க வேண்டும்.

திறன் பயிற்சி மையங்கள் 2006ஆம் ஆண்டின் 652ஆம் சட்டத்தின் கீழ், மனிதவள அமைச்சின் திறன் மேம்பாட்டுத் துறையான ஜே.பி.கே. கையில். எஸ்.கே.எம். என்கிற திறன் சான்றிதழ் மூன்று படி, நாலாவது டி.கே.எம். என்கிற திறன் டிப்ளோமா, ஐந்தாவது டி.எல்.கே.எம். என்கிற உயர்நிலைத் திறன் டிப்ளோமா. கடன் பி.டி.பி.கே. என்கிற திறன் மேம்பாட்டு நிதிக் கழகம் தரும், அதை பி.டி.பி.டி.என். என்று குழப்பிக்கொள்ளாதவர் இந்த வட்டாரத்தில் குறைவு. இங்கே தவுலியா என்கிற அங்கீகாரம் பாடவாரியாக, படிவாரியாகக் கிடைக்கிறது. வெல்டிங்கில் இரண்டாம் படிக்கு மட்டும் தவுலியா வாங்கிய மையம் பதாகையில் 'டிப்ளோமா' என்று போட்டிருந்தால், எந்தப் படி என்று கேளுங்கள். நாட்டின் தகுதிக் கட்டமைப்பில் டி.கே.எம்.-மும் கல்லூரி டிப்ளோமாவும் இரண்டுமே நாலாம் படிதான். ஆனாலும் நம்மவர்கள் கல்யாணப் பேச்சில்கூட ஒன்றைத் தூக்கி, ஒன்றைத் தாழ்த்திப் பேசுகிறார்கள். குளிரூட்டி, வெல்டிங் வேலைக்குப் போகிற பையனுக்கு எஸ்.கே.எம். மூன்று கையில் இருப்பது, பாதியில் நின்ற வணிக டிப்ளோமாவைவிட எவ்வளவோ மேல். மின் அமைப்புகளைக் கவனிக்கும் சார்ஜ்மேன் ஆக ஆசை என்றால் மட்டும் எரிசக்தி ஆணையத்தின் சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும்.

பாலிடெக்னிக் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அரசுடையது, அதனால் டி.கே. எண் தேட வேண்டாம். கட்டணம் ஒரு பருவத்துக்கு 200 வெள்ளி. கூலிமில் ஒன்று, ஜித்ராவில் ஒன்று. அரசு உயர்கல்விக் கூடங்களுக்கான பொது விண்ணப்ப முறையான யூ.பி.யூ. வழியாக விண்ணப்பிக்க வேண்டும், தேதியைத் தவறவிட்டால் அவ்வளவுதான். இங்கே பயம் இடம் கிடைக்குமா என்பதில்தான்.

என்னைக் கேட்டால், இடம் கிடைத்தால் பாலிடெக்னிக். கையில் வேலை ஓடுகிற பிள்ளை என்றால் ஜே.பி.கே. மையம். தனியார் கல்லூரி மூன்றாவதுதான், அதுவும் அந்த வளாகத்துக்கு எஃப்.ஏ. இருந்தால். அக்கா மகன் இப்போது சுங்கை பட்டாணியில் குளிரூட்டிப் பாடம் படிக்கிறான், இரண்டாம் படி. சேர்வதற்கு முன் தவுலியா கடிதத்தைக் காட்டச் சொன்னது அக்காதான்.