ஒளிரும் பெனட்ரேட்டின், 5 மி.கி. குப்பி: நுழைவுக்கு நல்ல சரக்கு, கடப்புக்குப் போதாது

இன்சுலின் மாதிரி மருந்துகளைக் குடல் சுவர் தாண்டிக் கொண்டுபோக முயல்கிறவர்களில் பலர் வாங்குவது எஃப்.ஐ.டி.சி. என்ற பச்சையாய் ஒளிரும் சாயம் ஒட்டிய பெனட்ரேட்டின். இது செல் சவ்வைத் தாண்டி உள்ளே போகும் பெப்டைடு, அதாவது குட்டிப் புரதத் துண்டு: 16 அமினோ அமிலம், மஞ்சள் தூள். செல்லுக்குள் நுழைவதை அழகாகக் காட்டும். செல் அடுக்கைக் கடப்பதை அளக்க மட்டும் இதை நம்பிவிடாதீர்கள்.

ஆர்டர் போடும்போதே சாயத்துக்கும் பெப்டைடுக்கும் நடுவில் இடைவெளி விடும் இணைப்பாக அமினோ ஹெக்சனாயிக் அமிலம் வைக்கச் சொல்லுங்கள். நேரடியாக ஒட்டினால், தயாரிப்பின் கடைசி அமிலக் கட்டத்தில் சாயம் முதல் அமினோ அமிலத்தையும் இழுத்துக்கொண்டு கழன்றுவிடும். சான்றிதழில் 95% தூய்மை என்று இருந்தாலும் எடை வேறு கணக்கு. இந்த பெப்டைடில் 7 நேர்மின்னேற்றம். ஒவ்வொன்றோடும் ஒரு டிரைஃப்ளூரோ அசிட்டேட் (தயாரிப்பில் மிஞ்சும் அமிலத்தின் உப்பு அயனி) ஒட்டியிருக்கும். 5 மி.கி. நிறுத்தால் உள்ளே உண்மையான பெப்டைடு 3.9 மி.கி.க்குள்தான். நிகர பெப்டைடு அளவைக் கேட்டு வாங்கி, அதை வைத்தே கரைசல் கட்டுங்கள்.

காட்பாடி, பாகாயம் பக்கத்து ஆய்வகங்கள் கத்திரி வெயிலில் இதை வரவழைக்க வேண்டாம். சனிக்கிழமை வந்த பார்சல் திங்கள்வரை கூரியர் குடோனில் வேகும். வரிசையில் உள்ள மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் ஆக்சிஜனேற்றம் அடைந்திருந்தால் நிறை நிறமாலையில் 16 கூடித் தெரியும். மைனஸ் 20-இலிருந்து எடுத்த குப்பியை அறை வெப்பத்துக்கு வந்த பிறகே திறக்கவும். இல்லாவிட்டால் தூள் ஈரம் குடித்துப் பிசுபிசுக்கும்.

நுழைவுச் சோதனைக்கு 5 மைக்ரோமோலார், 37 டிகிரி, ஒரு மணி நேரம் போதும். பிறகு ஹெப்பாரின் (எதிர்மின்னேற்றம் கொண்ட சர்க்கரைச் சங்கிலி) கலந்த கரைசலில் அலசி, புரதத்தை வெட்டும் டிரிப்சின் நொதி போட்டு, சவ்வின் வெளியே ஒட்டியதைக் கழற்றுங்கள். செல்லை ஃபிக்ஸ் செய்யாமல் (ரசாயனத்தில் கொன்று பதப்படுத்தாமல்) உயிரோடு பாருங்கள்: ஃபிக்ஸ் செய்தாலே வெளியே இருந்த பெப்டைடு உட்கருவரை போய் நிற்கும் என்பது 2003-இலேயே தெளிவானது. புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது என்டோசோமில், அதாவது செல் விழுங்கியதை அடைக்கும் பையில், மாட்டிய சரக்கு. அங்கே அமிலத்தன்மையில் சாயம் மங்கும், அதனால் உண்மையில் இன்னும் அதிகமாகவே இருக்கும். ஒப்பிட 4 டிகிரியில் ஒரு தட்டும் கட்டாயம் வையுங்கள், அந்தக் குளிரில் செல் விழுங்குவது நின்றுவிடும்.

கடப்பில்தான் சிக்கல். 12 குழித் தட்டு, 1.12 சதுர செ.மீ. இன்சர்ட்டில் (அடியில் நுண்துளைச் சவ்வு உள்ள கிண்ணம்) காக்கோ-2 செல்களை, அதாவது குடல் சுவருக்கு மாதிரியாகப் பயன்படும் மனிதக் குடல் புற்றுச் செல்களை, 21 நாள் வளர்த்து, மேலே 0.5 மி.லி., கீழே 1.5 மி.லி. வைக்கிறோம். கீழ் அறை ஒளிர்ந்ததும் மனசு துள்ளும். ஆனால் வரிசையின் முதல் எழுத்தே ஆர்ஜினின். டிரிப்சின் வகை நொதி அதற்கு அடுத்தே வெட்டும். வெட்டினால் சாயமும் ஒரே ஒரு அமினோ அமிலமுமான சின்னத் துண்டு தனியே கசியும். கீழ் அறைத் திரவத்தை, கலவையைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி.யில் ஓட்டாமல் அந்த ஒளியை பெப்டைடு என்று எழுதக் கூடாது. செல் அடுக்கின் மின்தடை இறங்கியிருந்தால் செல் வழியாக அல்ல, செல்களின் இடுக்கு வழியாகப் போயிருக்கலாம். அந்தக் கசிவைச் சோதிக்க லூசிஃபர் மஞ்சள் என்ற ஒளிரும் சாயத்தை அதே குழியில் போடாதீர்கள், இரண்டின் ஒளியும் கலந்துவிடும். மேல் அறை, செல், கீழ் அறை மூன்றையும் கூட்டிப் பாருங்கள். கணக்கு குறைந்தால் மிச்சம் பிளாஸ்டிக்கில் ஒட்டியிருக்கும்.

கடப்புக்கு சாயமில்லாத பெனட்ரேட்டினையும் சேர்த்து வாங்குவதே சரி. இன்சுலினோடு வெறுமனே கலந்து கொடுத்தே எலிகளின் மூக்கிலும் குடலிலும் உறிஞ்சல் கூடியிருக்கிறது. அப்போது அளக்க வேண்டியது இன்சுலினை. எதிர்ப்பான் கொண்டு அளக்கும் எலைசா சோதனை போதும், சாயத்தின் தொல்லை இல்லை.