தொட்டி நிரம்பினால் மோட்டார் நிற்க: கடைப்பெட்டியா, 555-ஆ, ஈஎஸ்பியா?

மாடித் தொட்டி வழிவதைப் பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் போட்ட பிறகுதான் பலரும் கவனிக்கிறோம். மோட்டாரைத் தானாக நிறுத்த மூன்று வழி உண்டு: கடையில் விற்கும் லெவல் கன்ட்ரோலர், 555 ஐசி என்ற சின்ன சிப்பை வைத்து நாமே சால்டர் செய்யும் சர்க்யூட், வைஃபை உள்ள ஈஎஸ்பி8266 என்ற குட்டி கம்ப்யூட்டர் போர்டில் நாமே எழுதும் புரோகிராம். மூன்றும் வேலை செய்யும். பழுதானால் எதை நம்மால் திறந்து சரிசெய்ய முடியும் என்பதில்தான் வித்தியாசம்.

கடைப்பெட்டியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எலக்ட்ரீஷியன் வந்து மாட்டுவார், அன்றைக்கே வேலை முடிந்துவிடும். மொபைல் ஆப் இல்லாமல் ஓடாத ரகத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். 2014-இல் நெஸ்ட் நிறுவனம் வாங்கிய ரிவால்வ் என்ற நிறுவனத்தின் ஸ்மார்ட் ஹோம் கருவிக்கு 2016 மே மாதம் சர்வரை நிறுத்தினார்கள். 300 டாலர் கொடுத்து வாங்கியவர்களுக்குக் காலிப்பெட்டிதான் மிச்சம்.

நான் 555 கட்சி. ஹான்ஸ் காமன்சிண்ட் 1971-இல் வடிவமைத்த எட்டுக்கால் ஐசி அது. இரண்டாம் காலின் வோல்டேஜ் சப்ளையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் அவுட்புட் ஆன். ஆறாம் காலில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினால் ஆஃப். நடுவில் இருந்தால் பழைய நிலையே தொடரும். தொட்டிக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இல்லையா? தொட்டியின் அடியில் பிளஸ் கம்பி, அதற்குச் சற்று மேலே இரண்டாம் காலுக்கு ஒரு கம்பி, உச்சியில் ஆறாம் காலுக்கு ஒன்று. இரண்டு கால்களிலிருந்தும் கிரவுண்டுக்குப் பெரிய மதிப்புள்ள ரெசிஸ்டர். தண்ணீரே சுவிட்ச் ஆகிவிடுகிறது. மல்டிமீட்டரை அந்தக் கால்களில் வைத்துக்கொண்டு தண்ணீர் ஏறுவதைப் பார்ப்பது தனி சுகம். புரோகிராம் ஒரு வரிகூட எழுத வேண்டாம், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஒருமுறை போனால் எல்லாப் பாகமும் கிடைக்கும்.

குறையும் உண்டு. டிசி பாய்வதால் பிளஸ் கம்பி மெல்ல அரித்துப் போகும். செம்பு என்றால் பச்சை பூத்துவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி கூடுதல் நாள் தாங்கும். போர்வெல் தண்ணீர் என்றால் அதிலும் உப்புப் படியும், அவ்வப்போது தேய்த்துவிட வேண்டும்.

ஈஎஸ்பி8266-இல் இந்தத் தொல்லை இல்லை, அல்ட்ராசோனிக் சென்சார் ஒலி அலையை அனுப்பி, தண்ணீரைத் தொடாமலே அளக்கும். ஆனால் எச்.சி-எஸ்.ஆர்.04 என்ற மலிவான சென்சார் திறந்த அமைப்பு. தொட்டியின் ஈரப்பதம் அதற்கு ஆகாது. அது 5 வோல்ட்டில் பதில் அனுப்பும், ஈஎஸ்பியோ 3.3 வோல்ட் ஆள். நடுவில் இரண்டு ரெசிஸ்டர் போட்டுக் குறைக்க வேண்டும். நீர்புகா ரகத்துக்கு முகத்துக்கு நேரே சுமார் 20 செ.மீ. தூரம் கண் தெரியாது, அதனால் சற்று உயர்த்தி மாட்ட வேண்டும். அப்புறம், கரண்ட் போய் வந்தால் ரௌட்டர் எழுந்திருக்க நேரம் எடுக்கும். வைஃபை கிடைக்காவிட்டாலும் தொட்டி நிரம்பினால் மோட்டார் நிற்கும்படி புரோகிராம் எழுதுங்கள். பலர் கோட்டைவிடும் இடம் இது. வெளியூரிலிருந்து தண்ணீர் மட்டம் பார்க்க வேண்டியவர்களுக்கு இதுதான் சரி.

அம்மா அப்பா மட்டும் இருக்கும் வீட்டுக்குக் கடைப்பெட்டியே போதும். நீங்கள் ஊரில் இல்லாதபோது உங்கள் சர்க்யூட்டை அங்கே யாரும் திறக்கப்போவதில்லை. சொந்த வீட்டில் முதலில் 555, கை பழகியதும் ஈஎஸ்பி. எதைச் செய்தாலும், 555-ஓ ஈஎஸ்பியோ ஆன்-ஆஃப் செய்யும் சுவிட்சான சின்ன நீல ரிலேயை நேராக மோட்டாரில் கோர்க்காதீர்கள். 1 எச்பி மோட்டார் கிளம்பும்போது வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். அதிக கரண்டைத் தாங்கும் பெரிய சுவிட்சான கான்டாக்டரை ரிலே இயக்கட்டும், மோட்டாரைக் கான்டாக்டர் இயக்கட்டும். 230 வோல்ட் பக்கத்து வயரிங்கை எலக்ட்ரீஷியனிடமே விட்டுவிடுங்கள்.