ஆறு நாள் நின்ற ஓலை ஆவுளியா

எங்கள் ஊர் சந்தியாகப்பர் திருவிழா ஜூலை 25. கொடியேற்றம் 16. வருசா வருசம் சீரியல் பல்பு கட்அவுட்தான். இந்த முறை கடற்கரையில் ஓலையிலேயே ஓர் ஆவுளியா (கடல்பசு) நிற்க வேண்டும் என்று இளவட்டங்கள் ஒற்றைக்காலில் நின்றார்கள். தாயும் குட்டியும், 18 அடி நீளம். கணக்கு எழுதுகிறவன் நான் என்பதால் பட்டறை தேடும் வேலையும் என் தலையில் விழுந்தது. மதுரைப் பக்கம் ஒரு பட்டறை. 42,000 ரூபாய் பேசி 20,000 முன்பணம் கொடுத்தோம். பெயரைப் போடவில்லை, வந்த பையன்கள் தங்கமானவர்கள்.

ஓலை வேலையில் குறையே சொல்ல முடியாது. முதுகுக்கு முற்றிய பனையோலையை இரண்டு விரல் அகலத்துக்கு வார்ந்து தடுக்கு மாதிரிப் பின்னினார்கள். வயிற்றுக்குக் குருத்தோலை. முதுகு பழுப்பும் வயிறு வெளிறலுமாக, பெயிண்டே இல்லாமல் நிறம் வந்துவிட்டது. கீழே வளைந்த மூஞ்சியில் பனந்தும்பைச் செருகி மீசை வைத்திருந்தான் ஒரு பையன். கடல்புல் மேய்கிற வாய் அப்படியே. குட்டியைத் தாயின் துடுப்புக்கு அடியில் ஒட்ட வைத்தது இன்னும் அழகு. ஆவுளியாவுக்கு மடி அந்த அக்குளில்தான்.

வாலில்தான் மாட்டிக்கொண்டார்கள். தோசைக்கரண்டி மாதிரி உருண்டையாக இருந்தது. சின்ன வயதில் கரையில் ஆவுளியாக் கறி பங்கு போட்டதைப் பார்த்த பெரியப்பா ஒருவர் (1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு முந்தைய கதை, இப்போது தொட்டாலே ஜெயில்) வந்து நின்று, "என்னப்பா, இதுக்கு வாலு பிளந்துல்ல இருக்கும்?" என்றார். போனில் வைத்திருந்த படத்தை வாங்கிப் பார்த்தால் அது அமெரிக்காப் பக்கத்து மனாட்டி, ஆவுளியாவுக்குத் தூரத்துச் சொந்தம்! முகம் சுளிக்காமல் அன்று ராத்திரியே பிரித்துப் பிளந்த வால் கட்டினார்கள். அதற்கே தனி மார்க்.

காற்று விசயத்தில் மட்டும் சொல்பேச்சு கேட்கவில்லை. ஜூலையில் இங்கே கச்சான் (மேற்கே இருந்து வரும் காற்று) எப்படி அடிக்கும் என்று கேட்காமலேயே ஊரே சொல்லியது. தலையைக் காற்றுக்கு நேராக வையுங்கள் என்றோம். "ரோட்டுல இருந்து பார்த்தா முழுசாத் தெரியாதுண்ணே" என்று குறுக்கே நிறுத்தினார்கள். 18 அடி விலாவும் பாய் விரித்த மாதிரி காற்றைப் பிடித்தது. சவுக்குக் கம்பு மணலில் இரண்டடிதான் இறங்கியிருந்தது. கட்டெல்லாம் கட்டுக்கம்பி, உப்புக்காற்றில் ஆறாம் நாள் விரலால் முறித்தாலே ஒடிந்தது. 21ஆம் தேதி ராத்திரி தாய் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது, குட்டிமேல் விழாதது சந்தியாகப்பர் புண்ணியம்.

மறுநாள் விடிய எங்கள் ஆட்களே இறங்கினார்கள். நாலடிக் குழி தோண்டி, மணல் மூட்டையைக் குறுக்காகப் புதைத்து, அதன் இடுப்பில் நைலான் கயிறு கட்டி மேலே இழுத்துக்கொண்டார்கள். தலையை மேற்கே திருப்பினார்கள். வயிற்றுப் பின்னலில் அங்கங்கே ஓலையை உருவிக் காற்றுக்கு வழிவிட்டார்கள். தேர் சுற்றி முடியும்வரை அசையவில்லை. பட்டறைக்காரருக்கு போட்டோ அனுப்பினேன், கும்பிடு போட்டு ஒரு பொம்மை வந்தது.

பிரித்து எடுத்துப் போவதும் பேச்சில் சேர்ந்ததுதான். மூன்று தடவை கூப்பிட்டேன். "வண்டி கிடைக்கலண்ணே." ஓலையை ஆடுகள் பார்த்துக்கொண்டன. கண் இரண்டும் தெர்மாகோல் என்பது அப்போதுதான் தெரிந்தது. வேண்டாம் என்று முதல் நாளே சொல்லியிருந்தோம். கட்டுக்கம்பித் துண்டுகளைப் பொறுக்க இரண்டு நாள் ஆனது. கரைவலை இழுக்கிறவர்கள் வெறுங்காலோடு நடக்கிற மணல் அது. பாக்கியில் 5,000 ரூபாயை நிறுத்தி வைத்திருக்கிறேன், அவரும் இன்னும் கேட்கவில்லை.

அடுத்த வருசமும் அந்தப் பையன்களையே கூப்பிடச் சொல்கிறார் பெரியப்பா. பின்னல் அவர்கள், கட்டு நாம் என்கிறார். பிளந்த வாலை மட்டும் ஆடு தின்னாமல் எடுத்து என் வலைக்கொட்டகையில் மாட்டியிருக்கிறேன்.